மழை பெய்தால் கைகர் மீட்டர் ஏறுகிறது: கசிவா, காற்றா?

#1 உப்புக்காற்று

வணக்கம். கூடங்குளத்துக்கு வடகிழக்கே கடலோரத்துல, கதிர்வீச்சை எண்ணுற கைகர் மீட்டர் ரெண்டு ராப்பகலா ஓடுது. ஒண்ணு எஸ்பிஎம்-20 குழாய், இன்னொண்ணு ஜே305 கண்ணாடிக் குழாய். ரெண்டும் மொட்டை மாடியில. 10 நிமிஷத்துக்கு ஒரு பதிவு. வழக்கமா மணிக்கு 0.13ல இருந்து 0.16 மைக்ரோசீவர்ட் (உடம்புக்கு வர்ற கதிர்வீச்சோட அளவு). நேத்து சாயங்காலம் மழை பிடிச்ச இருபதாவது நிமிஷம் 0.24. ராத்திரி பத்து மணிக்குத் திரும்ப 0.15. அதுக்குள்ள ஊர் வாட்ஸ்அப் குழுவுல ஸ்கிரீன்ஷாட் சுத்திடுச்சு.

கேக்க வேண்டியது மூணு. இது அணுமின் நிலையத்துக் கசிவா? இல்லைன்னா நிஜக் கசிவு வந்தா இந்த மீட்டர் எப்படிக் காட்டும்? கிணத்துத் தண்ணி, மீன், பால் இதையெல்லாம் எதுல குடுத்து, என்ன சோதனை கேக்கணும்?

#2 ஈயக்கவசம்

கசிவு இல்ல தம்பி, மழை.

மண்ணுல யுரேனியம் இல்லாத ஊரே கிடையாது. அதோட வம்சத்துல ரேடியம்-226, அதுக்குப் பிறக்குறது ரேடான்-222. ரேடான் வாயு, தரையிலிருந்து கசிஞ்சு மேலே போயிடும். அது சிதைஞ்சு வர்ற ஈயம்-214, பிஸ்மத்-214 ரெண்டும் வாயு இல்ல, தூசியில ஒட்டிக்கும். மேகத்துல துளி திரளும்போதும், துளி கீழே விழும்போதும் அந்தத் தூசியைக் கழுவிக்கிட்டு வந்து மாடியிலயும் தரையிலயும் பூசிடும். ஈயம்-214க்கு அரை ஆயுள் (பாதியாகிற நேரம்) 27 நிமிஷம், பிஸ்மத்-214க்கு 20 நிமிஷம். அதனால மழை விட்டு மூணு மணி நேரத்துக்குள்ள மீட்டர் பழைய இடத்துக்கு வந்துடும். உங்க வரைபடமும் அதைத்தான் சொல்லுது. இன்னொண்ணு கவனிங்க: முதல் தூறலுக்குத்தான் ஏத்தம் அதிகம். ரெண்டு மணி நேரம் விடாம ஊத்துனா, மழை நிக்கிறதுக்கு முன்னாடியே இறங்க ஆரம்பிச்சிடும். காத்து கழுவி முடிஞ்சிருக்கும்.

நான் சொன்னேன்னு நம்ப வேணாம். அடுத்த மழைக்கு இதைச் செய்ங்க. மழை பிடிச்ச பத்து நிமிஷத்துல, வெளிய நிக்கிற கார் மேல்கூரையை ஒரு டிஷ்யூ பேப்பரால ஒரு சதுர மீட்டர் அளவுக்கு ஒத்தி எடுங்க. தண்ணியைப் பிழியாதீங்க, அதுலதான் சரக்கு இருக்கு. நாலா மடிச்சு, மெல்லிசான பிளாஸ்டிக் பையில போட்டு, குழாய்மேல ஒட்டி வையுங்க. வைக்கிறதுக்கு முன்னாடி வெறும் பையோட 5 நிமிஷ எண்ணிக்கை ஒண்ணு எடுத்து வச்சுக்கணும். அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை 5 நிமிஷ எண்ணிக்கை. வெறும் பை எண்ணிக்கையைக் கழிச்சா மிச்சம் 30–40 நிமிஷத்துக்கு ஒரு தடவை பாதியாகணும். பாதியாச்சுன்னா ரேடான் பிள்ளைங்க, அதாவது மேலே சொன்ன ஈயமும் பிஸ்மத்தும். மறுநாள் காலையிலயும் அப்படியே நின்னுச்சுன்னா, இங்க வந்து பெரிய எழுத்துல போடுங்க.

#3 ஆய்வுக்கூட ஆந்தை

ஈயக்கவசம் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் மழைக்குப் போவதற்குமுன் மீட்டரையே பார்க்க வேண்டும்.

எஸ்பிஎம்-20 சாதாரண இடத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 22 எண்ணும். பத்து நிமிடத்தில் 220. 220இன் வர்க்கமூலம் 15. ஆக, எதுவுமே மாறாதபோதும் ஒவ்வொரு பதிவும் ஏழு சதவீதம் மேலும் கீழும் ஆடும். அவ்வப்போது பதினான்கு சதவீதமும் ஆடும். நீங்கள் எழுதிய 0.13 முதல் 0.16 வரையிலான வீச்சு முழுக்க இந்த ஆட்டம்தான். "நேற்று 0.14, இன்று 0.16, கூடிவிட்டது" என்று யாராவது எழுதினால் அதை அங்கேயே நிறுத்துங்கள்.

0.24 என்பது அப்படியல்ல. பத்து நிமிடத்தில் 352. வழக்கமான பின்னணியைவிட 132 அதிகம். இந்த வித்தியாசத்தின் பிழை 220 + 352இன் வர்க்கமூலம், அதாவது 24. ஐந்தரை மடங்கு விலகல், தற்செயலாக வராது. இதையே ஒரு நிமிடப் பதிவில் பார்த்திருந்தால் 22க்கு எதிராக 35, பிழை 7.5. இரண்டு மடங்குகூட இல்லை, எதுவும் சொல்ல முடியாது. உங்கள் பத்து நிமிட இடைவெளி நல்ல தேர்வு.

அடுத்தது, எண்ணிக்கையை மைக்ரோசீவர்ட்டாக மாற்றும் எண். எஸ்பிஎம்-20க்கு மணிக்கு ஒரு மைக்ரோசீவர்ட் என்பது நிமிடத்துக்கு 130 என்றும் எழுதுவார்கள், 175 என்றும் எழுதுவார்கள். கோபால்ட்-60 வைத்து அளவுதிருத்தினால் முதலாவது, ரேடியம் வைத்துத் திருத்தினால் இரண்டாவது. அதே 22 எண்ணிக்கை ஒருவர் திரையில் 0.17, இன்னொருவர் திரையில் 0.13. இரண்டு மீட்டர்க்காரர்கள் இதற்காகவே சண்டை போட்டுக்கொள்வதுண்டு. இதற்கு ஒரே வழி: பகிரும்போது நிமிட எண்ணிக்கையையும் குழாயின் பெயரையும் எழுதுங்கள், மைக்ரோசீவர்ட்டைக் கடைசியில் எழுதுங்கள்.

ஜே305 கண்ணாடிக் குழாய். வெயில் நேரடியாகப் பட்டால் ஒளியே பொய்த்துடிப்பு கொடுக்கும். கறுப்பு வெப்பச்சுருக்கு உறையோ கறுப்பு டேப்போ போடுங்கள். கடலோரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. குழாய்க்கு 400 வோல்ட் போகிறது. மின்சுற்றுப் பலகையில் உப்பு ஈரம் படிந்தால் அந்த வோல்டேஜ் பலகைமேலேயே கசிந்து துடிப்பாகப் பதிவாகும். இதுவும் மழை நாளில்தான் வரும், ரேடான் ஏற்றத்தைப் போலவே தோன்றும். பலகைக்குக் காப்பு வார்னிஷ் அடியுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போடுங்கள். எளிய சோதனை: டிஷ்யூ இல்லாமல் மீட்டரை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு மணி நேரம் பாருங்கள். உடனே இறங்கினால் வெளியில் உண்மையான காமாக் கதிர் இருந்தது. உள்ளேயும் ஏறியே நின்றால் மீட்டருக்குத்தான் சளி.

#4 பெக்கரல்பித்தன்

எல்லாம் சரி சார். எந்த ஏற்றத்துக்கும் "இயற்கைதான்" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. நிலையத்துக்காரர்களும் இதையேதானே சொல்வார்கள்? இயற்கை இல்லாதது எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லுங்கள். அது தெரியாமல் இயற்கை என்ற பதிலுக்கு அர்த்தம் இல்லை.

#5 ஈயக்கவசம்

நியாயமான கேள்வி.

மழையே இல்லாம ஏறும். காத்து நிலையத்துப் பக்கமிருந்து வீசும்போது மட்டும் ஏறும், திசை மாறினா இறங்கும். இதுக்குக் கல்பாக்கமே நல்ல பாடம். சென்னை அணுமின் நிலையத்து ரெண்டு உலையும் 1984லயும் 1986லயும் உற்பத்திக்கு வந்தவை. அந்தப் பழைய வடிவமைப்புல உலையைச் சுத்தி இருக்கிற அறையில காத்துதான் நிக்கும். காத்துல இருக்கிற ஆர்கான் நியூட்ரான் பட்டு ஆர்கான்-41 ஆகி, புகைபோக்கி வழியா வெளிய வரும். பின்னால கட்டின கனநீர் உலைகள்ல அந்த இடத்தைத் தண்ணியால நிரப்பிட்டாங்க. ஆர்கான்-41க்கு அரை ஆயுள் 1.83 மணி நேரம், காமா 1294 கே.இ.வி. (கதிரோட ஆற்றல் அளவு). மந்த வாயு, எங்கயும் ஒட்டாது. அதனால மேகம் தலைக்குமேல போகும்போது மீட்டர் ஏறும், போனதும் உடனே இறங்கும், டிஷ்யூவுல ஒண்ணும் வராது. இது மறைமுகமான விஷயமே இல்ல, அனுமதிச்ச அளவுக்குள்ள வழக்கமா நடக்கிறது.

விபத்துன்னா கதை வேற. அயோடின், சீசியம் எல்லாம் தரையில படிஞ்சு அங்கேயே உக்காந்துக்கும். ஏறின மீட்டர் மூணு மணி நேரத்துல இறங்காது. அயோடின்-131க்கு 8 நாள், சீசியம்-134க்கு ரெண்டு வருஷம், சீசியம்-137க்கு 30 வருஷம். ஆக உங்க கையில இருக்கிற மலிவு மீட்டர் ஒரு கேள்விக்கு நல்லா பதில் சொல்லும்: "ஏறினது இறங்குச்சா?"

மொட்டை மாடி பத்தி ஒரு வார்த்தை. கீழே இருக்கிற கான்கிரீட் தரையை மறைக்குது, கட்டடத்தோட சொந்தப் பொட்டாசியமும் தோரியமும் மீட்டர்ல ஏறுது. தரையில படியிறதைப் பிடிக்கணும்னா திறந்த புல்தரையில, ஒரு மீட்டர் உயரத்துல இருக்கணும். ஒரு மீட்டரை அங்க மாத்துங்க.

#6 ஆய்வுக்கூட ஆந்தை

பித்தனுக்கு இன்னொரு அளவுகோலும் சொல்கிறேன், ஏனெனில் பயத்துக்கு எண் வேண்டும். நேற்றைய ஏற்றம் அதிகபட்சம் 0.09. அது மூன்று மணி நேரம் அப்படியே நின்றது என்று வைத்தாலும் 0.27 மைக்ரோசீவர்ட். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அணு நிலையங்களால் பொதுமக்களுக்கு ஆண்டு முழுவதும் வரலாம் என்று வைத்திருக்கும் வரம்பு 1 மில்லிசீவர்ட், அதாவது 1000 மைக்ரோசீவர்ட்.

நெருக்கடி நிலைக்குப் பன்னாட்டு அணுசக்தி முகமை தரும் செயல்பாட்டு அளவுகள் வேறு. தரைப் படிவால் ஒரு மீட்டர் உயரத்தில் மணிக்கு 1000 மைக்ரோசீவர்ட் என்றால் உடனடி வெளியேற்றம். முதல் பத்து நாளுக்கு 100, அதற்குப் பின் 25 என்றால் தற்காலிக இடமாற்றம். பின்னணிக்கு மேல் 1 மைக்ரோசீவர்ட் என்றால் அந்தப் பகுதியின் பால், கீரை, மழைநீர் ஆகியவற்றைச் சோதித்து முடிக்கும்வரை பயன்படுத்தக் கூடாது. கடைசி எண்ணை மீட்டர் பெட்டிமேலேயே ஒட்டி வையுங்கள். எஸ்பிஎம்-20இல் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 கூடுதல். தவறவிடவே முடியாது.

#7 கடற்காகம்

வணக்கம், திருகோணமலைப் பக்கம் இருந்து எழுதுறன். மணலைப் பற்றி ஒருவரும் சொல்லேல்லை. அதுதான் உங்கட கரையில பெரிய பொறி.

மணவாளக்குறிச்சியில மொனசைட் எண்டால் எங்களுக்குப் புல்மோட்டை. கறுப்பு மணல், உள்ளுக்குத் தோரியம். உங்கட பக்கத்து மொனசைட்டில தோரியம் ஒக்சைட்டு மட்டும் எட்டில இருந்து பத்து வீதம் வரைக்கும் வரும். பாரமான மணி எண்டபடியால் அலை இலேசான மணலை இழுத்துக்கொண்டு போக, இது தனியாப் படியும். பருவ அலைக்குப் பிறகு நேற்று வெள்ளையாக் கிடந்த இடத்தில இண்டைக்கு ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புக் கோடு கிடக்கும். மீட்டரை அதுக்கு மேல வைச்சால் பத்து மடங்கு காட்டினாலும் ஆச்சரியமில்லை. பத்து அடி தள்ளி வைச்சால் ஒண்டுமில்லை. படம் எடுத்து "கடலில் கசிவு" எண்டு போடுறது இப்பிடித்தான் நடக்குது.

கரையில அளக்கிறதெண்டால் ஒரே இடத்தை அடையாளம் பண்ணி, மாதம் ஒருக்கால், தரையோட ஒட்டி ஒண்டு, ஒரு மீட்டர் உயரத்தில ஒண்டு எடுக்கவேணும். மணலின்ர படமும் சேர்த்து வையுங்கோ. ரண்டுக்கும் இடையில வித்தியாசம் கூடினால் கீழ கறுப்பு மணல் வந்திருக்கு எண்டு அர்த்தம்.

இப்ப ஆக்கள் கதிரின்ர ஆற்றலைப் பிரிச்சுக் காட்டுற சோடியம் அயடைட்டு ஸ்பெக்ட்ரோமீற்றர் சின்னனா வாங்கி வைச்சுக்கொண்டு "சீசியம் கண்டுபிடிச்சன்" எண்டு வருகினம். அவையளுக்கும் ஒரு எச்சரிக்கை. சீசியம்-137 உச்சி 662 கே.இ.வி. பிஸ்மத்-214 உச்சி 609. தோரியத் தொடரின்ர தாலியம்-208 உச்சி 583. சோடியம் அயடைட்டில 662இல உச்சியின்ர அகலம் 45 கே.இ.வி. அளவு. மூண்டும் ஒண்டோட ஒண்டு கலந்து ஒரு மேடாத்தான் தெரியும். மென்பொருள் அந்த மேட்டில சீசியம் எண்டு பெயர் ஒட்டிவிடும். 1764இல பிஸ்மத், 2614இல தாலியம் எழும்பி நிண்டால், 600 பக்கத்து மேட்டை நம்பாதேங்கோ.

#8 ஆய்வுக்கூட ஆந்தை

கடற்காகம் சொன்னது அப்படியே சரி. ஜெர்மேனியம் டிடெக்டரில் அதே 662 உச்சியின் அகலம் இரண்டு கே.இ.வி.க்கும் குறைவு. அங்கே 609உம் 662உம் இரண்டு தனி ஊசிகள். உணவு, மீன், மண் ஆகியவற்றுக்கு ஜெர்மேனியம் முடிவு இல்லாமல் சீசியம் என்ற சொல்லையே எழுதாதீர்கள்.

சீசியம்-137 நிஜமாகவே கிடைத்தாலும் உடனே நிலையத்தைக் கைகாட்ட முடியாது. 1950, 60களின் வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளின் மிச்சம் உழாத மண் எதிலும் கிலோவுக்குச் சில பெக்கரல் இருக்கும் (ஒரு பெக்கரல் என்பது நொடிக்கு ஒரு அணுச் சிதைவு). பக்கத்தில் சீசியம்-134 இருக்கிறதா என்று பாருங்கள். 605, 796 கே.இ.வி. குண்டுவெடிப்பில் அது உண்டாவதில்லை, உலையில் மட்டும்தான். ஃபுகுஷிமாவில் 2011 மார்ச்சில் இரண்டும் ஏறத்தாழச் சமம். செர்னோபிலில் 134 பாதி. 134 இல்லாத 137 என்றால் பெரும்பாலும் பழைய படிவு.

அயோடின்-131க்கும் இதேபோல் ஒரு திருப்பம் உண்டு. தைராய்டு சிகிச்சை பெற்றவர்களின் கழிவோடு நகரத்துச் சாக்கடைக்கு அது தினமும் வருகிறது. சாக்கடைச் சகதியில் அயோடின்-131 மட்டும் தனியாக இருந்தால் மருத்துவமனை. கூடவே டெல்லூரியம்-132, அயோடின்-133, சீசியம்-134 இருந்தால் உலை.

#9 உப்புக்காற்று

டிஷ்யூ சோதனை பண்ணியாச்சு. எஸ்பிஎம்-20, 5 நிமிஷ எண்ணிக்கை. வெறும் பை 110. டிஷ்யூ வச்சதும் 398. அரை மணியில 268. ஒரு மணியில 187. ஒன்றரையில 148. ரெண்டரையில 117. கழிச்சுப் பாத்தா 288, 158, 77, 38, 7. பாதி, பாதி, பாதி. வாட்ஸ்அப் குழுவுல இந்தக் கணக்கையே போட்டாச்சு. ஸ்கிரீன்ஷாட்டை விட இது கம்மியாத்தான் சுத்துது, அது வேற விஷயம்.

இப்ப மூணாவது கேள்வி. தண்ணி, மீன், பால்.

#10 ஈயக்கவசம்

அழகான கணக்கு.

மீன்: ஒரே இன மீன், குறைஞ்சது 4–5 கிலோ, எங்க பிடிச்சது எந்தத் தேதின்னு எழுதி. உண்ணுற பகுதியை மட்டும் எடுக்கணும், குடலோட போட்டா குடல்ல இருக்கிற மணல் தோரியத்தைக் காட்டும். பச்சை எடை, 110 டிகிரியில காஞ்ச எடை, சாம்பல் எடை மூணும் குறிக்கணும். சாம்பலாக்கும்போது 450 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினா சீசியம் ஆவியாப் போயிடும், அறிக்கையில "கண்டறியப்படவில்லை"ன்னு வரும். சூட்டை மெதுவா ஏத்தணும். சட்டுன்னு ஏத்தினா கொழுப்பு தீப்பிடிச்சு, 450ன்னு காட்டுற உலைக்குள்ள சாம்பிள் மட்டும் 600க்குப் போயிடும். இது அடிக்கடி நடக்கிற தப்பு.

அயோடினுக்குச் சாம்பல் வேலையே ஆகாது, முழுசும் பறந்திடும். பாலை அப்படியே, டிடெக்டரைச் சுத்தி உக்கார்ற ஒரு லிட்டர் மரினெல்லிப் பாத்திரத்துல ஊத்தி எண்ணணும். கெடாம இருக்க ஃபார்மலின் சில சொட்டு. அமிலம் விடக் கூடாது, அமிலத்துல அயோடின் ஆவியாகும். கறந்த தேதி ரொம்ப முக்கியம். 8 நாள் தள்ளிக் குடுத்தா பாதி போச்சு, 24 நாள்ல எட்டுல ஒரு பங்குதான் மிச்சம்.

பாலைவிட நுணுக்கமான சாட்சி ஒண்ணு இருக்கு: ஆட்டுத் தைராய்டு. ஆடு பரந்த இடத்துல மேஞ்சு புல்லுல படிஞ்ச அயோடினையெல்லாம் சில கிராம் சுரப்பிக்குள்ள சேத்து வைக்கும். அணுமின் நிலைய வளாகங்கள்ல பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்துற சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடங்களும் இதைச் சாம்பிளா எடுக்கிறதுண்டு. கசாப்புக் கடையில சொல்லி வச்சா கிடைக்கும். கழுத்துல குரல்வளைக்கு ரெண்டு பக்கமும் செம்மண் நிறத்துல இருக்கும். கொழுப்பை எடுத்திட்டு சின்னப் புட்டியில அடைச்சு அன்னைக்கே எண்ணணும். ஆடு எங்க மேஞ்சதுன்னு தெரியாம வாங்கினா காசு தண்டம்.

#11 பெக்கரல்பித்தன்

"கண்டறியப்படவில்லை" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். அதைக் கண்டாலே எனக்கு எரிச்சல். எதுவரை தேடினார்கள்?

#12 ஆய்வுக்கூட ஆந்தை

அறிக்கையைத் திருப்பிக் கொடுக்க அது ஒன்றே போதும். குறைந்தபட்சக் கண்டறி அளவு எழுதாத "கண்டறியப்படவில்லை"க்கு மதிப்பில்லை.

கணக்கு இப்படி. பின்னணி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 4.65ஆல் பெருக்கி 2.71 கூட்டுங்கள். அதை டிடெக்டர் திறன், காமா விகிதம், நொடிகள், கிலோ இவற்றின் பெருக்கலால் வகுங்கள். ஒரு கிலோ சாம்பிள், திறன் 2 சதவீதம், சீசியம்-137இன் காமா விகிதம் 0.85 (நூறு சிதைவுக்கு 85 காமாக் கதிர்) என்று கொள்வோம். 60,000 நொடி எண்ணி 662இன் கீழ் பின்னணி 400 என்றால்: 4.65 × 20 + 2.71 = 95.7. கீழே 0.02 × 0.85 × 60,000 = 1020. விடை கிலோவுக்கு 0.09 பெக்கரல். அதே சாம்பிளை ஒரு மணி நேரம் மட்டும் எண்ணினால் 0.4. ஜப்பான் 2012 ஏப்ரல் முதல் பொது உணவுக்கு வைத்திருக்கும் சீசியம் வரம்பு 100, பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50, குடிநீருக்கு 10. வரம்பைத் தாண்டியதா என்று மட்டும் பார்க்க ஒரு மணி நேரம் ஏராளம். ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தைப் பிடிக்க 60,000 நொடி வேண்டும். எது வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள். விலையும் அதைப் பொறுத்ததுதான்.

பொட்டாசியம்-40ஐ எல்லா உணவிலும் காண்பீர்கள், 1461 கே.இ.வி. ஒரு கிராம் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 31 பெக்கரல். அது இல்லாத உணவு அறிக்கை வந்தால் எண்ணியதே சந்தேகம்.

#13 ஈயக்கவசம்

தண்ணிக்கு மூணு தனித்தனிச் சோதனை. ஒண்ணைக் குடுத்து இன்னொண்ணைக் கேக்க முடியாது.

டிரைட்டியம், அதாவது கதிர்வீசுற ஹைட்ரஜன். அதோட பீட்டாக் கதிர் அதிகபட்சமே 18.6 கே.இ.வி.தான், காத்துல 6 மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. கைகர் குழாய்ச் சுவருக்குள்ள நுழையவே நுழையாது. அதனால கைகர் மீட்டரைத் தண்ணிமேல பிடிச்சு "டிரைட்டியம் இல்ல"ன்னு சொல்றவரையும் "இருக்கு"ன்னு சொல்றவரையும் ஒரே பெஞ்சுல உக்கார வைக்கலாம். திரவ மினுமினுப்பு எண்ணிதான் வழி. 100 மில்லி தண்ணியில அரை கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, 0.1 கிராம் பொட்டாசியம் பர்மாங்கனேட் போட்டு வடிக்கணும். முதல் 10 மில்லியைக் கொட்டிடணும், அடுத்த 50 மில்லியை எடுக்கணும். அதுல 8 மில்லியோட 12 மில்லி மினுமினுப்புத் திரவம் கலந்து, ராத்திரி முழுக்க இருட்டுல வச்சு எண்ணணும். இருட்டுல வைக்காட்டி வெளிச்சம் பட்ட திரவமே மினுமினுத்து எண்ணிக்கையை ஏத்தும். வடிக்காட்டி தண்ணியோட நிறம் ஒளியை விழுங்கிக் குறைக்கும். சாம்பிள் பாட்டில் கழுத்துவரை நிறைய இருக்கணும், அமிலம் வேண்டாம். டிரைட்டியம் வாயு அடைச்ச, ராத்திரியில ஒளிரும் கைக்கடிகாரம் கட்டிக்கிட்டு சாம்பிள் எடுக்காதீங்க. சிரிக்காதீங்க, இதனால முடிவு கெட்டதுண்டு. உலக சுகாதார நிறுவன வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000 பெக்கரல். 2023 ஆகஸ்டுல ஃபுகுஷிமா தண்ணியைக் கடல்ல விட ஆரம்பிச்சப்போ அவங்க வச்சுக்கிட்டது 1500.

மொத்த ஆல்பா, மொத்த பீட்டா. இந்தியத் தரம் 10500 படி லிட்டருக்கு ஆல்பா 0.1, பீட்டா 1 பெக்கரல். பீட்டா தாண்டினா முதல்ல பொட்டாசியத்தைத் தனியா அளந்து, கிராமுக்கு 27.9 பெக்கரல் கழிங்க. பாதி கேஸ் அங்கேயே முடியும்.

ஆல்பாதான் ஏமாத்தும். கடலோரக் கிணத்துல உப்பு அதிகம். தண்ணியைத் தட்டுல வத்த வச்சா படியுற உப்பு ஆல்பாவை விழுங்கிடும். சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிகிராம் தாண்டக் கூடாதுங்கிறது நடைமுறை. 20 சதுர சென்டிமீட்டர் தட்டுன்னா மொத்தமே 100 மில்லிகிராம். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்பு இருக்கிற தண்ணியில அது வெறும் 100 மில்லி! அதுல 0.1 வரம்புக்கு உள்ள ஆல்பா 0.01 பெக்கரல். 10 சதவீதத் திறன்ல மணிக்கு மூணரை எண்ணிக்கை. ஒரு மணி நேரம் எண்ணி அறிக்கை குடுத்தா அது ஜோசியம். குறைஞ்சது 1000 நிமிஷம், இல்லாட்டி ரேடியத்தை வீழ்படிவாக்கிப் பிரிக்கிற முறை. எது செஞ்சாங்கன்னு கேளுங்க. வத்த வச்ச தட்டை உலர்காப்புல மூணு நாள் வச்சு அப்புறம் எண்ணணும்.

மூணாவது யுரேனியம், இதை வேதிமுறையில அளப்பாங்க. வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். கெடுதல் முதல்ல சிறுநீரகத்துக்கு, கதிர்வீச்சால இல்ல. கருங்கல் பாறைக்குள்ள ஆழ்துளை போட்ட ஊர்ல அணு நிலையத்தைவிட இதைத்தான் முதல்ல தேடணும்னு நான் சொல்வேன்.

#14 கடற்காகம்

கடல்தண்ணி கேட்டியளோ? குண்டுச் சோதனை மிச்சமே ஆயிரம் லீற்றருக்கு ஒண்டிரண்டு பெக்கரல்தான். ஒரு லீற்றர் போத்தல் குடுத்து ஒண்டும் வராது. 60–100 லீற்றரை அமிலமாக்கி, அமோனியம் பொஸ்போமொலிப்டேற் போட்டுச் சீசியத்தைப் பிடிச்சு, அந்த மஞ்சள் பொடியை எண்ணவேணும். இல்லாட்டி செப்பு பெரோசயனைட்டு பூசின வடிகட்டியால தண்ணியை ஓட்டவேணும். ஊர்க்குழு கடல்தண்ணியை விட்டிட்டு மீனையும் கடற்பாசியையும் குடுக்கிறது புத்தி. அதுகளே உங்களுக்காகச் சேர்த்து வைச்சிருக்கும்.

#15 பெக்கரல்பித்தன்

காற்று வடிகட்டிக் கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வைக்கலாமா?

#16 ஆய்வுக்கூட ஆந்தை

வைக்கலாம், பொறுமை இருந்தால். நிமிடத்துக்கு 60 லிட்டர் என்றால் ஒரு நாளில் 86 கன மீட்டர். வடிகட்டியை எடுத்த உடனே எண்ணினால் மீட்டர் அலறும், அத்தனையும் ரேடான் பிள்ளைகள். நான்கு மணி நேரத்தில் அவை போய்விடும். ஆனால் தோரான் (தோரியத் தொடரில் பிறக்கும் ரேடான்) வழி வந்த ஈயம்-212 நிற்கும்; அரை ஆயுள் 10.6 மணி. உங்கள் தோரிய மணல் கரையில் இது சாதாரணத்தைவிடக் கூடுதல். ஐந்து நாள் கழித்து எண்ணுங்கள், 2500இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்போதும் காமா நிறமாலையில் 478 கே.இ.வி.யில் ஓர் உச்சி வரும். அது பெரிலியம்-7, விண்கதிர் மேல்வளிமண்டலத்தில் உண்டாக்குவது. அது தெரிந்தால் வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

காகித வடிகட்டி வாயுவாக வரும் அயோடினைப் பிடிக்காது. அதற்குப் பின்னால், அயோடினைப் பிடிக்கும் டிஇடிஏ என்ற வேதிப்பொருள் ஏற்றிய கரிப்பொதி வேண்டும். கடலோர ஈரத்தில் கரியின் பிடிதிறன் விரைவில் இறங்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

#17 உப்புக்காற்று

இதுவரை சொன்னதை வச்சு ஒரு அட்டவணை போட்டிருக்கோம். எஸ்பிஎம்-20 புல்தரைக்கு, ஒரு மீட்டர் உயரம், 10 நிமிஷப் பதிவு, நிமிட எண்ணிக்கையா வெளியிடுறது. ஜே305 கறுப்பு உறையோட மாடியிலயே. மழையளவும் காத்துத் திசையும் பக்கத்துலயே குறிக்கிறது. கரையில ரெண்டு இடம், மாசம் ஒரு தடவை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மீன் 5 கிலோ ஜெர்மேனியத்துக்கு, 60,000 நொடி. கிணத்துத் தண்ணி வருஷத்துக்கு ரெண்டு தடவை: டிரைட்டியம், ஆல்பா-பீட்டா, யுரேனியம். எல்லாத் தண்ணி பாட்டிலுக்கும் நைட்ரிக் அமிலம் விட்டு வைக்கிறதா எழுதியிருக்கோம். ஆட்டுத் தைராய்டு மாசம் ஒண்ணு. விட்டுப் போனது ஏதாவது இருக்கா?

#18 ஈயக்கவசம்

அமிலம் டிரைட்டியம் பாட்டிலுக்கு வேண்டாம், மேலே சொன்னேனே. ஆல்பா-பீட்டாவுக்கும் யுரேனியத்துக்கும் மட்டும் விடுங்க, இல்லாட்டி ரேடியமும் யுரேனியமும் பாட்டில் சுவத்துல ஒட்டிக்கும். அதனால பாட்டிலை ரெண்டு நிறத்துல வாங்குங்க. அப்புறம் ஒவ்வொரு தடவையும் கடையில வாங்கின காய்ச்சி வடிச்ச தண்ணி ஒரு பாட்டிலை, உங்க கிணறு மாதிரியே எண் போட்டு, எதுன்னு சொல்லாம சேத்து அனுப்புங்க. அதுல ஆல்பா வந்துச்சுன்னா மத்த எந்த எண்ணையும் பாக்க வேண்டாம், ஆய்வுக்கூடத்துக்கு போனைப் போடுங்க.

#19 ஆய்வுக்கூட ஆந்தை

மீனில் ஒரு திருத்தம். மூன்று மாதத்துக்கொருமுறை இனத்தை மாற்றாதீர்கள். இந்த முறை சாளை, அடுத்த முறை பாரை என்றால் சாம்பல் விகிதம், பொட்டாசியம், இரை எல்லாமே மாறும், வரைபடம் குதிக்கும். ஆண்டு முழுக்கக் கிடைக்கும் ஒரே இனத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

#20 உப்புக்காற்று

சாளைன்னு முடிவு பண்ணியாச்சு. பாட்டில் நீலமும் வெள்ளையும்.